அயல் மண்ணில் ஆங்கிலேயர் ஆலயம்

பிழைப்பின் பொருட்டு வேற்றூர் சென்று குடியேறுவோர், இருக்க வீடும் உண்ண உணவும் கிடைத்த பின்னர், தம் மொழியில் நாலு வார்த்தை பேசுவதற்கு ஓர் இடம் தேடுகின்றனர். நம்மவர் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் தமிழ்ச் சங்கங்களையும் பஜனை மன்றங்களையும் கோயில்களையும் நிறுவியது இத்தேட்டத்தினால்தான். இது நமக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டை ஆண்ட ஆங்கிலேயரும், தாம் ஆளாத நாடுகளில் நம்மைப் போன்றே சிறுபான்மையினராய் வாழ்ந்தனர். போர்ச்சுகலில் திராட்சை மது வாணிகம் செய்தவர், ருஷ்யாவில் நெசவாலை நடத்தியவர், இத்தாலியில் உடல்நலம் நாடித் தங்கியவர் ஆகிய யாவரும் அவ்வந்நாட்டு மக்களுக்கு அயலாரே. அவர்கள் கூடிய இடம் பெரும்பாலும் அவர்களுடைய ஆலயமாகவே இருந்தது.

ஆங்கிலிக்கத் திருச்சபை என்பது இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபை. 16ஆம் நூற்றாண்டில் அது ரோமாபுரியின் ஆட்சியிலிருந்து பிரிந்தது. நம் நாட்டில் 1947ஆம் ஆண்டில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதனுள் இணைந்த சபைகளுள் இதுவும் ஒன்று. அதன் சமயக் கொள்கைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு சிறு கூட்டம் அயல் மண்ணில் எவ்வாறு கூடிப் பாடியது, படித்தது, உண்டது, ஒருவருக்கொருவர் உதவியது என்பதையும், அவ்வாறு கூடிய இடங்களுள் சில மறையச் சில நிலைத்தது ஏன் என்பதையுமே நாம் காணப் புகுகின்றோம்.

தொடக்கத்தில் அவர்களுக்கு இருந்த இடர்கள் பல. போர்ச்சுகல் கத்தோலிக்க நாடு. அங்கு வாழ்ந்த ஆங்கிலேய வணிகர் தம் இல்லங்களிலும் கப்பல்களிலும் மட்டுமே வழிபடலாம் என்று 1654ஆம் ஆண்டு உடன்படிக்கை இடம் தந்தது. இறந்தோரைப் புதைக்க நிலம் பெறுவதற்கும் அவ்வுடன்படிக்கையே வழி செய்தது. ஆயினும் லிஸ்பன் நகரில் அந்நிலம் கைக்கு வந்து சேர்ந்தது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். 'டாம் ஜோன்ஸ்' என்னும் புகழ்பெற்ற நாவலை எழுதிய ஹென்றி ஃபீல்டிங், நோய் தீரும் என்று நம்பி 1754இல் லிஸ்பன் வந்து, அவ்வாண்டிலேயே உயிர் துறந்து, அந்நிலத்தில்தான் துயில்கின்றார். வந்தேறிய மக்களுக்கு வழிபடும் இடத்திற்கும் முன்னதாகச் சுடுகாடோ இடுகாடோ தேவைப்படுகின்றது என்பது கசப்பான உண்மை. ஊர் விட்டு ஊர் சென்ற எவரும் இதனை அறிவர்.

வடக்கே ஓப்போர்ட்டோ நகரில், புனித யாக்கோபின் பெயரால் அமைந்த ஆங்கிலேயர் ஆலயம் 1818இல் கட்டி முடிந்தது. அதனைக் கட்ட இசைவு தந்தோர் ஒரு நிபந்தனை விதித்தனர். கட்டடம் வெளித்தோற்றத்தில் ஆலயம் போல் இருத்தலாகாது. ஆகவே கோபுரம் எழவில்லை, மணியும் தொங்கவில்லை. உயர்ந்த மதில்களுக்குள், மரங்களின் நிழலில் அது மறைந்து நின்றது. அந்நகரின் ஆங்கிலேயர் 1855இல் கிரிக்கெட் சங்கம் ஒன்றையும் தொடங்கினர். ஞாயிறன்று ஆலயத்தில் கண்ட முகங்களையே மற்ற நாளில் ஆட்டக்களத்திலும் கண்டனர்.

இத்தகைய ஆலயங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1825இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. பிரிட்டிஷ் கான்சல் இருந்த அயல்நாட்டு நகரங்களில், அங்கு வாழும் ஆங்கிலேயர் குருவுக்கும் ஆலயத்துக்கும் எவ்வளவு திரட்டுகின்றனரோ, அதற்கு ஈடான தொகையை அரசாங்கம் தரும் என்பது அதன் சாரம். 1870களில் இவ்வுதவி நிறுத்தப்பட்டது. அதன் பின்னர்ச் சபையார் தம் கையையே நம்ப வேண்டியதாயிற்று. ஐரோப்பாவிலுள்ள இவ்வாலயங்களில் பெரும்பாலானவை இன்றளவும் தம் குருவானவரின் ஊதியத்தையும் கட்டடச் செலவையும் தாமே தேடிக்கொள்கின்றன. உறுப்பினர் ஆண்டுதோறும் கூடிக் கணக்குப் பார்க்கின்றனர். பொறுப்பாளரையும் குழுவினரையும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். யார் எங்கே அமர்வது, எந்தப் பாட்டைப் பாடுவது என்னும் பூசல்களும் உண்டு. சங்கம் நடத்திய அனுபவம் உடைய நம் வாசகர்க்கு இவை புதியன அல்ல.

ஞாயிறு வழிபாடு ஒரு மணி நேரத்திலோ சற்று மேற்பட்டோ முடிந்துவிடும். அதன் பின்னரே சமூக வாழ்வு தொடங்குகின்றது. ஒருவரும் உடனே வீடு திரும்புவதில்லை. பக்கத்துக் கூடத்தில் தேநீரும் காப்பியும் வழங்கப்படுகின்றன. ஊருக்குப் புதியவர் எவரேனும் வந்திருந்தால், அவரிடம் பேச்சுக் கொடுப்பதற்கென்றே சிலர் இருப்பர். எந்த மருத்துவர் ஆங்கிலம் அறிவார், பிள்ளையை எப்பள்ளியில் சேர்க்கலாம், நியாயமான வாடகைக்கு வீடு எங்கே கிடைக்கும் என்பன போன்ற செய்திகள் அங்கே கைமாறுகின்றன. அலமாரியில் பழைய ஆங்கில நூல்கள் அடுக்கப்பட்டிருக்கும். எடுத்துச் சென்று படித்துத் திருப்பித் தரலாம். முதியோர் ஒருவர் இரு வாரம் வாராதிருந்தால், அவர் இல்லத்துக்குச் சென்று பார்த்து வர ஆள் உண்டு. ஓர் அலுவலகமும் செய்ய இயலாத பணியை ஒரு கோப்பைத் தேநீர் செய்துவிடுகின்றது.

ஆண்டின் பெருநிகழ்ச்சி கிறிஸ்துமஸ் விற்பனை விழா. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பஜார்'. கீழ்த்திசையிலிருந்து சென்ற சொல் அது. மகளிர் வீட்டில் செய்த ஆரஞ்சு மார்மலேடு, கிறிஸ்துமஸ் புட்டிங், பின்னிய கம்பளி உடை, படித்து முடித்த புத்தகம் ஆகியன விலைக்கு வைக்கப்படும். சுற்றியுள்ள உள்ளூர் மக்களும் ஆவலோடு வந்து வாங்குவர். திருநெல்வேலிச் சீமையின் அசனப் பண்டிகையைக் கண்டவர்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். கூடிச் சமைப்பதும் கூடி உண்பதும் ஒரு சபையைச் சபையாக்குகின்றன. கிறிஸ்துமஸ் கீத வழிபாடும் அத்தகையதே. 1880இல் இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில் ஒன்பது வேதவாசகங்களும் கீதங்களுமாக ஒரு வழிபாட்டு முறை அமைந்தது. 1918இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி அதனை மேற்கொண்டது. 1928இல் வானொலி அதனை முதன்முதலாக ஒலிபரப்பியது. அன்று முதல் கடல் கடந்த சிற்றூர் ஆலயங்களிலும் அது பரவிற்று. ஆங்கிலம் அறியாத அண்டை அயலாரும் அப்பாடல்களைக் கேட்பதற்கென்றே வருகின்றனர்.

இனி, மறைந்தது ஒன்றையும் நிலைத்தவை சிலவற்றையும் காண்போம். இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில் போர்டிகேரா என்னும் சிற்றூர் உளது. ஜியோவானி ருஃபினி என்னும் இத்தாலியர் ஆங்கிலத்தில் எழுதிய 'டாக்டர் அந்தோனியோ' என்னும் நாவல் 1855இல் வெளிவந்தது. அதனைப் படித்த ஆங்கிலேயர், குளிர்காலத்தைக் கழிக்க அவ்வூருக்குத் திரண்டு வந்தனர். ஆலயம் எழுந்தது, நூலகமும் டென்னிஸ் சங்கமும் தோன்றின. இரண்டு உலகப் போர்களுக்குப் பின் அவ்வாழ்வு கலைந்தது. வருவோர் அருகினர், ஆலயம் வழிபாட்டை இழந்தது. அக்கட்டடம் பின்னர் நகராட்சியின் கலை நிகழ்ச்சிக் கூடமாயிற்று.

ஆயினும் அக்கூட்டத்தார் விட்டுச் சென்ற ஒன்று அழியவில்லை. 1878இல் அவ்வாலயத்துக்குக் குருவாக வந்தவர் கிளாரன்ஸ் பிக்னெல். சிறிது காலத்துக்குள் அவர் அப்பணியை விட்டார், ஊரை விடவில்லை. அப்பகுதியின் மலர்களையும் செடிகளையும் தேடித் தேடி வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். மலையேறிச் சென்று, பண்டை மக்கள் பாறைகளில் செதுக்கிய பல்லாயிரம் உருவங்களைப் படியெடுத்தார். 1888இல் ஓர் அருங்காட்சியகம் கட்டினார். 1918இல் அவர் மறைந்தார். அவ்வருங்காட்சியகமோ அப்பகுதியின் தொன்மையை ஆராயும் நிலையத்திற்கு இருப்பிடமாகி, இன்றும் வாழ்கின்றது. தம்மவர் வசதிக்கென எழுப்பிய ஆலயம் தம்மவரோடு முடிந்தது. அவ்வூரின் மண்ணையும் மலரையும் அறிய எழுப்பிய மனை அவ்வூராரின் உடைமையாயிற்று.

இப்பண்பு அவர்களிடையே புதிதன்று. சிரியாவின் அலெப்போ நகரில் ஆங்கில வணிகர்க்குக் குருவாக 1630இல் சென்ற எட்வர்டு போக்காக், அங்கு அரபு மொழியை ஆழ்ந்து கற்றார். ஏட்டுச் சுவடிகளைத் திரட்டினார். 1636இல் ஆக்ஸ்போர்டில் அரபுப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டபோது, அதில் முதலில் அமர்ந்தவர் அவரே. அயலூரில் தம் மொழி பேசுவதற்காகக் கூடிய கூட்டமே, அயலாரின் மொழியைக் கற்ற அறிஞரையும் தந்தது.

ரோமாபுரிக்கு வருவோம். 1870 வரை போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்த அந்நகரின் மதிலுக்குள் ஆங்கிலேயர் ஆலயம் எழுப்ப இயலவில்லை. வாயிலுக்கு வெளியே தானியக் களஞ்சியமாய் இருந்த ஓர் இடத்தில் அவர்கள் வழிபட்டனர். நகரம் இத்தாலிய அரசின் கீழ் வந்த பின், 1882இல் சகல பரிசுத்தவான்கள் ஆலயத்துக்கு நகரின் நடுவே அடிக்கல் நடப்பட்டது. அதற்குச் சிறிது தொலைவில் 1893இல் இரு ஆங்கிலப் பெண்கள் ஒரு தேநீர்க் கடை திறந்தனர். இத்தாலியில் தேயிலை மருந்துக் கடைகளில் விற்ற காலம் அது. தம் நாட்டார்க்கென்று அவர்கள் தொடங்கிய கடைக்கு இத்தாலியரும் வரலாயினர். அக்கடை நூறாண்டு கடந்தும் நிலைத்தது. ஆலயமும் இசை நிகழ்ச்சிகளுக்குத் தன் கூடத்தைத் திறந்துவிட்டதால், வழிபாட்டுக்கு வாராத ரோமாபுரி மக்களும் அதன் வாயிலை அறிவர்.

மாஸ்கோ நகரின் கதை இன்னும் வியப்பானது. அங்கு வாழ்ந்த பிரிட்டிஷ் வணிகரும் ஆலை முதலாளிகளும் 1880களில் புனித அந்திரேயா ஆலயத்தைச் செங்கல்லால் கட்டினர். 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அது மூடப்பட்டது. பாடலின் ஒலி அதற்குள் இனிமையாய் எதிரொலித்ததனால், பிற்காலத்தில் 'மெலோடியா' என்னும் சோவியத் இசைத்தட்டு நிறுவனம் அதனை ஒலிப்பதிவுக் கூடமாக்கியது. ருஷ்ய இசைஞர் பலரின் தட்டுக்கள் அச்சுவர்களுக்கிடையே உருவாயின. 1991இல் அங்கு மீண்டும் வழிபாடு தொடங்கியது. கட்டியவரின் வழித்தோன்றல்கள் இல்லாத காலத்திலும், கட்டியவர் எண்ணியும் பாராத பணிக்குப் பயன்பட்டுக் கட்டடம் காக்கப்பட்டது.

இஸ்தான்புல் நகரில் உள்ளது கிரிமியப் போர் நினைவாலயம். சுல்தான் அப்துல் மஜீது அளித்த நிலத்தில் 1858இல் அடிக்கல் நடப்பட்டு, 1868இல் அது திறக்கப்பட்டது. 1970களில் கூட்டம் குறைந்து கதவு அடைபட்டது. 1991இல் அது மீண்டும் திறந்தது. செப்பனிடும் வேலையில் கைகொடுத்தவர் யார்? இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி அந்நகருக்கு வந்து சேர்ந்த அகதிகள். ஆங்கிலப் போர்வீரரின் நினைவாக எழுந்த ஆலயம், வீடிழந்து வந்த வேற்று நாட்டாரின் உழைப்பால் உயிர் பெற்றது.

இன்று இங்கிலாந்துத் திருச்சபையின் ஐரோப்பிய மறைமாவட்டம் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் பரந்துள்ளது. அதன் ஆலயங்களில் ஆப்பிரிக்கரும் ஆசியரும் பெருந்தொகையினராய் அமர்ந்துள்ளனர். ஆங்கில மொழி அவ்வாலயங்களில் ஒலிப்பது நிற்கவில்லை. அதனைப் பேசுவோரின் நிறமும் நாடும் மாறியுள்ளன.

இச்செய்திகளிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? வேற்று மாநிலத்தில் ஒரு தமிழ் மன்றத்தைத் தொடங்குவோர் முதல் தலைமுறையினர். அவர்களுக்கு ஊர் நினைவே போதிய ஊக்கம் தரும். அவர்தம் மக்கள் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளத்திலோ விளையாடி வளர்பவர். அவர்களுக்கு ஊர் நினைவு என்பது பெற்றோர் சொன்ன கதை. பழைய நினைவை மட்டும் நம்பிய மன்றம், அந்நினைவை உடையவர் மறையும்போது பூட்டப்படும். போர்டிகேராவில் நிகழ்ந்தது அதுவே. புதிதாய் வந்தவர்க்கு வீடு தேடித் தருவதும், முதியவரை நலம் விசாரிப்பதும், பொங்கலன்று பக்கத்து வீட்டாரை இலை முன் அமர்த்துவதும், அவ்வூர் மொழியில் உள்ள நல்ல நூலைத் தமிழில் அறிமுகம் செய்வதும் ஒரு மன்றத்தின் பணிகளாக இருக்குமாயின், அம்மன்றத்தை இழக்க அவ்வூரே விரும்பாது.

தமிழை மறந்துவிடும் அச்சத்தில் கதவைச் சார்த்திக்கொள்ளும் எண்ணம் எழுவது இயல்பு. தம் மொழியில் பாடுவதை ஒருநாளும் கைவிடாமல், அப்பாட்டைக் கேட்க வந்தவரை உள்ளே அழைத்து அமர்த்திய ஆலயங்களே அயல் மண்ணில் நூறாண்டு கடந்தன. மதிலுக்குப் பின் மணியில்லாமல் மறைந்து நிற்குமாறு ஓப்போர்ட்டோவில் அவர்களை மற்றவர் பணித்தனர். நம்மை அவ்வாறு பணிப்பார் ஒருவருமில்லை. அத்தகைய மதிலை நாமே எழுப்பிக்கொள்ளாதிருப்போமாக.