புதுக் கிளி ராத்திரி தூங்கலையா? முதல் இரண்டு வாரம் இதையெல்லாம் கவனிங்க!

புதிதாக ஒரு கிளி வீட்டுக்கு வந்தால் பகல் முழுக்கக் கொண்டாட்டம்தான். பெயர் வைப்பது, போட்டோ எடுப்பது, வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போடுவது என்று குடும்பமே கூண்டைச் சுற்றி நிற்கும். சிக்கல் ஆரம்பிப்பது ராத்திரியில். விளக்கை அணைத்ததும் ஓயாத கத்தல். நள்ளிரவில் கூண்டே அதிரும்படி இறக்கை அடிக்கும் சத்தம். காலையில் பார்த்தால் கூண்டுக்கு அடியில் உதிர்ந்த இறகுகள். மூன்று நாள் இப்படிப் போனால் வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்க ஆரம்பித்துவிடுவார்கள். 'தூங்கவே விடமாட்டேங்குது' என்ற ஒரே காரணத்துக்காக, வந்த வேகத்திலேயே அடுத்த வீட்டுக்குக் கைமாறும் கிளிகள் உண்டு.

ஆனால் கிளி அடம்பிடிப்பதில்லை. அது பயந்துபோயிருக்கிறது. அதன் ராத்திரியும் நம் வீட்டு ராத்திரியும் வேறு வேறு. இதைப் புரிந்துகொண்டு சில மாற்றங்கள் செய்தால், பெரும்பாலான கிளிகள் ஒன்றிரண்டு வாரத்தில் நிம்மதியாகத் தூங்கப் பழகிவிடும்.

முதலில் ஒரு விஷயம்... உங்களுடையது எந்தக் கிளி?

நம் ஊர் மரங்களில் பார்க்கும் பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்கக் கூடாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். யாராவது பாசமாகக் கொடுத்திருந்தாலும் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் சரி. நாமே பறக்கவிட்டால், கூண்டில் வளர்ந்த பறவை வெளியில் பிழைப்பது கஷ்டம்.

காக்டெயில், பட்ஜெரிகர் போன்ற வெளிநாட்டு இனங்களை வளர்க்கலாம். நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று வாங்குவது பெரும்பாலும் இந்த பட்ஜெரிகரைத்தான். சன் கானூர், ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ் போன்றவற்றுக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. 2022-ல் வந்த சட்டத் திருத்தம், அதையொட்டி 2024-ல் வந்த விதிகள்படி, இவற்றை மத்திய அரசின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். அதனால் தத்தெடுக்கும்போதே பழைய உரிமையாளரிடம் பதிவு விவரங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரி ஏன் கத்துகிறது?

பொழுது சாயும் நேரத்தில் பச்சைக்கிளிகள் கூட்டமாக அடையும் மரத்துக்கு அடியில் நின்றிருக்கிறீர்களா? இடம் பிடிக்க அடிதடி, ஒன்றையொன்று கூப்பிடும் சத்தம் எனக் காதைப் பிளக்கும். நன்றாக இருட்டியதும் மொத்த மரமும் அமைதியாகிவிடும். 'நீ இருக்கியா?', 'நான் இருக்கேன்' என்று கூட்டம் கணக்கெடுத்துக்கொண்ட பிறகுதான் அவை கண் மூடும்.

காக்டெயிலுக்கும் பட்ஜெரிகருக்கும் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அங்கேயும் அவை கூட்டமாக வாழும் பறவைகள்தான். உங்கள் வீட்டுக்கு வந்த கிளியும் இருட்டியதும் அதே கணக்கெடுப்பைத்தான் செய்கிறது. கூப்பிடுகிறது, பதில் வரவில்லை. இடம் புதிது, மனிதர்கள் புதிது, வாசனை புதிது. கிளிகளுக்கு இருட்டில் பார்வையும் சரியாகத் தெரியாது. பயப்படாமல் என்ன செய்யும்?

இதற்கு மேல் நம் வீட்டு நேரக்கணக்கு. கிளிகளுக்குப் பொதுவாக 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் தேவை. நம் ஊரில் ஆறு, ஆறரைக்குப் பொழுது இறங்கும். அப்போதுதான் நம் ஹாலில் டியூப்லைட் எரிய ஆரம்பிக்கும். சீரியல், பிள்ளைகளின் ஹோம்வொர்க், ராத்திரிச் சாப்பாடு என்று பத்தரை, பதினொன்று ஆகிவிடும். காலையில் ஐந்தரைக்கு மிக்ஸி சத்தம். ஹாலில் இருக்கும் கிளிக்கு ஆறு, ஏழு மணி நேரம்தான் மிஞ்சுகிறது. தூக்கம் குறைந்த கிளி பகலில் எரிச்சலாகும், கடிக்கும், இன்னும் அதிகமாகக் கத்தும். சில கிளிகள் தன் இறகைத் தானே பிடுங்கவும் ஆரம்பிக்கும்.

கூண்டை எங்கே வைப்பது?

பகலில் கிளி ஹாலில் இருக்கட்டும். நாலு பேர் நடமாட்டம் அதற்குப் பிடிக்கும். ராத்திரிக்கு வேறு இடம் பாருங்கள். டி.வி. சத்தம் அதிகம் கேட்காத, ஆள் நடமாட்டம் குறைவான அறை நல்லது. பெரிய கூண்டைத் தினமும் நகர்த்த முடியாவிட்டால், தூங்குவதற்கென்று ஒரு சின்னக் கூண்டு வைத்துக்கொள்ளலாம்.

கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டியிருக்கட்டும். நாலு பக்கமும் திறந்திருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து எது வருமோ என்று கிளி பதறிக்கொண்டே இருக்கும். தெருவைப் பார்த்த ஜன்னல் வேண்டாம். பைக் ஹெட்லைட் ஒரு தடவை கூண்டில் அடித்தாலே தூக்கம் போய்விடும். ஃபேன் காற்றும் ஏ.சி. காற்றும் நேராக மேலே படக் கூடாது. பல்லி, எலி, எறும்பு, பூனை வரும் இடமும் ஆகாது.

படுக்கையறையில் வைக்க ஆசையாக இருக்கும். ஆனால் கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவர்களோ படுக்கும் அறையில் வைக்காதீர்கள். பறவையின் இறகுத்தூளும் காய்ந்த எச்சமும் மூச்சுக்குத் தொந்தரவு தரும். சில தொற்றுகளும் அதன் வழியாகப் பரவும்.

உட்காரும் குச்சியும் முக்கியம்

கிளி நின்றபடிதான் தூங்கும். கடையில் வரும் பிளாஸ்டிக் குச்சி வழுக்கும். கொய்யாக் கிளை கிடைத்தால் கழுவிக் காயவைத்து, கூண்டின் மேல்பகுதியில் ஆடாமல் பொருத்துங்கள். மருந்து அடிக்காத மரமாக இருக்க வேண்டும். கிளி எப்போதும் உயரமான இடத்தில்தான் தூங்க விரும்பும்.

'பாவம், குளிருமே' என்று பானை வைப்பவர்கள் உண்டு. கடைகளில் கூண்டுக்குள் தொங்கும் அந்தப் பானை, முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதற்கானது. தூங்குவதற்கு அது தேவையில்லை. தனியாக இருக்கும் கிளிக்குப் பானை வைத்தால் முட்டையிடத் தூண்டிவிடும். துணியால் செய்த கூடார பொம்மைகளும் வேண்டாம். நூலைக் கடித்து விழுங்கினால் ஆபத்து.

தினமும் ஒரே வரிசை

குழந்தையைத் தூங்கவைப்பது மாதிரிதான். தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் கிளியின் பயம் குறையும்.

* தூங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு கடைசித் தீனி. மிச்சமான பழம், கீரையை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு வரும். தண்ணீர் இருக்கட்டும்.

* அரை மணி நேரம் முன்பு விளையாட்டை நிறுத்துங்கள். அறை விளக்கைக் குறையுங்கள். பளிச்சென்ற வெளிச்சத்திலிருந்து ஒரே நொடியில் கும்மிருட்டு ஆனால் கிளி பாதிக் கூண்டில் தடுமாறி நிற்கும். குச்சியில் ஏறி உட்கார அவகாசம் கொடுங்கள்.

* பருத்தித் துணியால் கூண்டின் மூன்று பக்கத்தையும் மேல்பகுதியையும் மூடி, ஒரு பக்கம் திறந்து விடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் முழுக்க மூடினால் உள்ளே புழுங்கும். கிளி வாயைத் திறந்து மூச்சிரைத்தால் உடனே துணியை எடுத்துவிடுங்கள். நூல் பிரிந்த துணி கூடாது, கால்விரல் சிக்கிக்கொள்ளும்.

* துணி போடும்போது தினமும் ஒரே வார்த்தை. 'தூங்கலாம்டா செல்லம்' என்பதோ, ஒரு சின்ன விசிலோ எதுவாகவும் இருக்கலாம். கிளி கேட்கும் 'நீ இருக்கியா?' என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

ஏழு மணிக்குத்தான் ஆபீஸிலிருந்து வருகிறீர்களா? கிளியோடு கொஞ்ச நேரம் செலவழித்துவிட்டு எட்டரைக்குத் தூங்கவைத்து, காலை ஏழு மணிக்குத் துணியை எடுங்கள். இன்று ஏழு, நாளை பதினொன்று என்று மாறிக்கொண்டே இருப்பதுதான் கிளியைக் குழப்பும்.

நள்ளிரவில் படபடவென்று அடித்தால்?

கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. தூங்கிக்கொண்டிருக்கும் கிளி எதற்காவது திடுக்கிட்டு, இருட்டில் கண் தெரியாமல் கூண்டுக் கம்பியில் மோதி மோதி விழும். காக்டெயில்களுக்கு இந்தப் பழக்கம் அதிகம். ஒரு பல்லியின் அசைவு, பாத்திரம் விழும் சத்தம், கரன்ட் போய் நைட் லேம்ப் சட்டென்று அணைவது என எதுவும் காரணமாகலாம். தீபாவளி ராத்திரி பற்றிச் சொல்லவே வேண்டாம். அன்று உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

மோதும்போது புதிதாக முளைக்கும் இறகு உடைந்தால் ரத்தம் வரும். வளரும் இறகின் தண்டில் ரத்த ஓட்டம் இருக்கும். ஒரு காக்டெயிலின் எடையே சுமார் 80 முதல் 100 கிராம்தான். உடலில் உள்ள மொத்த ரத்தமே கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன். நமக்குச் சில சொட்டாகத் தெரிவது அதற்குப் பெரிய இழப்பு.

அப்படி நடந்தால், முதலில் பேசிக்கொண்டே போங்கள். உங்கள் குரல் கேட்டதும் பாதி பயம் போய்விடும். பிறகு மங்கலான விளக்கைப் போடுங்கள். முகத்துக்கு நேராக மொபைல் டார்ச் அடிக்காதீர்கள். பதறிக்கொண்டிருக்கும்போதே கையை விட்டுப் பிடிக்கவும் வேண்டாம். அடங்கியதும் இறக்கை, கால், அலகைப் பாருங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் மென்மையாக அழுத்திப் பிடியுங்கள். உடைந்த இறகின் நுனியில் சோள மாவைத் தொட்டு வைக்கலாம். சில நிமிடங்களில் நிற்கவில்லை என்றாலோ, இறக்கை தொங்கினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

இது வராமல் தடுக்க, அறை மூலையில் ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்று எரியட்டும். அதை இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள். இல்லையென்றால் சார்ஜ் ஏறும் சின்ன விளக்கு வாங்கி வையுங்கள். உட்காரும் குச்சியும் கம்பியும் தெரியும் அளவு வெளிச்சம் போதும்.

கொசுவத்தி வேண்டவே வேண்டாம்!

பறவைகளின் நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. காற்றிலிருந்து ஆக்ஸிஜனை நம்மைவிட நன்றாக எடுக்கும். அதே வேகத்தில் புகையும் ரசாயனமும் உள்ளே போகும். அதனால் கிளி தூங்கும் அறையில் கொசுவத்திச் சுருள், கொசுவிரட்டி லிக்விட், ரூம் ஸ்பிரே, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதாக இருந்தால் புகை அடங்கும்வரை கூண்டை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

அதற்காகக் கொசுவை விட்டுவிடவும் முடியாது. பறவைகளுக்கு வரும் அம்மை நோயைக் கொசுவும் பரப்பும். ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். கூண்டுக்கு மேல் வலை போட்டால், கிளியின் அலகுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

சமையலறைக்கும் தள்ளியே இருக்கட்டும். அடுப்பில் வைத்து மறந்துபோன நான்ஸ்டிக் கடாய் அதிகமாகச் சூடேறினால் வரும் ஆவி, பறவைகளைச் சில நிமிடங்களில் கொல்லக்கூடியது. நமக்கு வாடைகூடத் தெரியாது.

கத்தினால் உடனே ஓடணுமா?

இரண்டு சத்தத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். துணி போட்டதும் கூப்பிடுவது, பதில் தேடும் சத்தம். அறைக்கு வெளியிலிருந்தே உங்கள் வழக்கமான வார்த்தையை ஒரு தடவை சொன்னால் போதும். ஒவ்வொரு முறையும் துணியை விலக்கிக் கொஞ்சினால், 'கத்தினால் ஆள் வரும்' என்று இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். இறக்கை அடிக்கும் சத்தத்தோடு வரும் அலறல் வேறு. அதற்கு உடனே போக வேண்டும்.

பகலில் கத்துகிறது என்று துணி போட்டு மூடாதீர்கள். அப்புறம் ராத்திரி துணியும் தண்டனையாகத் தெரியும்.

வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். விளக்கைக் குறைப்பது, காலையில் துணியை எடுத்து 'குட் மார்னிங்' சொல்வது என்று பொறுப்பு கொடுத்தால், கிளி தூங்கும்போது அவர்களே சத்தத்தைக் குறைப்பார்கள்.

டாக்டரிடம் எப்போது?

ஒற்றைக் காலில் நின்று, தலையை முதுகுப்பக்கம் திருப்பி இறகுக்குள் புதைத்துத் தூங்குவது ஆரோக்கியமான கிளியின் தூக்கம். பகலிலும் உடம்பைச் சிலிர்த்தபடி தூங்கி வழிவது, கூண்டின் தரையில் உட்கார்வது, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, சாப்பிடாமல் இருப்பது... இவையெல்லாம் நோயின் அறிகுறிகள். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். தெரிய ஆரம்பிக்கும்போதே தாமதமாகியிருக்கும்.

எல்லா கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை. கிளி வந்த முதல் வாரத்திலேயே உங்கள் ஊரில் யார் பார்க்கிறார்கள், ராத்திரியில் யார் போன் எடுப்பார்கள் என்று விசாரித்து நம்பரைச் சேமித்துவையுங்கள். வீட்டில் ஏற்கெனவே பறவைகள் இருந்தால், புதிதாக வந்ததை ஒரு மாதமாவது தனி அறையில் வைப்பது பாதுகாப்பு.

இந்த இரண்டு வாரத்தில் பேசக் கற்றுக்கொடுப்பதையும் கையில் ஏற்றுவதையும் அவசரப்படுத்த வேண்டாம். தூக்கம் சரியானால் மற்றதெல்லாம் தானாக வரும். ஒருநாள் துணி போட்டு விளக்கைக் குறைத்ததும், கூண்டுக்குள்ளிருந்து 'கறுக்... கறுக்...' என்று மெல்லிய சத்தம் கேட்கும். கிளி அலகை அரைக்கும் சத்தம் அது. நிம்மதியாகக் கண் சொக்கும்போது கிளிகள் அப்படித்தான் செய்யும். அன்றிலிருந்து உங்கள் வீட்டைத் தன் வீடாக அது நம்ப ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.