‘மைல்டா ஒரு சுருட்டு இருக்காண்ணே?’ - கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களுக்குச் சுருட்டு புதுசு இல்லை. ஊர் எல்லையில் முனீஸ்வரனுக்குப் படையல் போட்டால் இலையில் சுருட்டும் இருக்கும். பாதி பிடித்ததை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு வயலுக்குப் போகும் தாத்தாக்களையும் பார்க்கலாம்.

இப்போது புதுசாக இருப்பது, கேட்டு வருபவர்களின் வயசுதான். ரீல்ஸில் யாரோ ஸ்டைலாகப் புகை விடுவதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, முதல் தடவை. மைல்டா ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்கிறார்கள். நிறம் வெளுப்பாக, ஒல்லியாக இருப்பதைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். காரம் குறைச்சலாம்!

நிறத்தை வைத்துக் காரத்தைச் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிவது மேலே சுற்றிய இலை மட்டும்தான். காரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உள்ளே அடைத்திருக்கும் இலை. புகையிலைச் செடியில் வெயில் நன்றாகப் படும் நுனி இலைகளில் நிகோடின் அதிகம், அடி இலைகளில் குறைவு. வெளுத்த மேல் இலைக்குள் நுனி இலையை அடைத்திருந்தால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

சரி, உள்ளேயும் அடி இலைதான் என்றே வைத்துக்கொள்வோம். நாக்குக்கு மைல்டாக இருக்கலாம். உடம்புக்கு?

ஒரு சிகரெட்டில் இருக்கும் புகையிலை ஒரு கிராமுக்கும் குறைவு. பெரிய சுருட்டு ஒன்றில் 5 கிராமுக்கு மேல் இருக்கும். சிலவற்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்கே இருக்கும். ‘புகையை உள்ளே இழுக்க மாட்டேன், வாயோடு சரி’ என்பது அடுத்த சமாதானம். சுருட்டு இலையை நீண்ட நாள் பதப்படுத்திப் புளிக்கவைப்பதால் அதன் புகை காரத்தன்மை கொண்டது. அந்தப் புகையிலிருக்கும் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். நுரையீரல் வரை போக வேண்டிய அவசியமே இல்லை.

முதல் சுருட்டிலேயே தலைசுற்றல், குமட்டல், குப்பென்று வியர்வை வருவதற்கு இதுதான் காரணம். “மொதல்ல அப்படித்தான் இருக்கும், பழகிடும்” என்று பக்கத்தில் இருப்பவர்கள் தேற்றுவார்கள். பழகிவிடுகிறது என்பதுதான் பிரச்னையே. வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் எனச் சுருட்டால் புற்றுநோய் வரும் இடங்களின் பட்டியல் நீளம். ஆந்திரக் கடலோரத்தில் ‘சுட்டா’ எனும் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பெண்களுக்கு மேல் அண்ணத்தில் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார்கள்.

இங்கிலீஷில் ‘செரூட்’ என்ற சொல்லே நம் ‘சுருட்டு’தான். 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று அவர் கண்டுபிடிப்பார். பெருமைதான், அந்தப் பெருமைக்காக யாரும் பற்றவைக்கத் தேவையில்லை.

‘மைல்ட்’, ‘லைட்’ போன்ற சொற்கள் ஏமாற்றுபவை, புகையிலைப் பாக்கெட்டில் அவை இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை. இந்தியா 2004-லேயே அதை ஏற்றது. அமெரிக்கா 2010-ல் அந்தச் சொற்களுக்குத் தடை போட்டதும், சிகரெட் கம்பெனிகள் தங்க நிறம், வெள்ளி நிறம் என்று பாக்கெட்டின் கலரை வைத்தே அதைச் சொல்ல ஆரம்பித்தன. கில்லாடிகள்!

நம் நாட்டின் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிறையாதவர்களுக்குச் சுருட்டு விற்கக் கூடாது. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜ தூரத்துக்குள்ளும் விற்பனை கூடாது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். தாத்தாவுக்கு வாங்கி வரச் சொல்லிப் பேரனைக் கடைக்கு அனுப்பும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். பையனுக்குக் கடையில் பழக்கம் ஏற்படுவது பெரும்பாலும் அப்படித்தான்.

ஏற்கெனவே பழகிவிட்டவர்கள் 1800-11-2356 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். புகையிலையை விட விரும்புகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் மத்திய அரசின் உதவி எண் இது. தாத்தாக்களும் பேசலாம்.