கட்டுமரமும் வகுப்பறையும்

சென்னைக் கலங்கரை விளக்கத்தை அடுத்துத் தெற்கே அமைந்துள்ளது நொச்சிக்குப்பம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் தாக்குதலுக்குள்ளான மீனவர் குடியிருப்புக்களுள் இதுவும் ஒன்று. இன்று இக்கரையில் ஃபைபர் படகுகளே மிகுதி. முந்தைய தலைமுறையினர் கடலேறியதோ கட்டுமரத்தில். எடை குறைந்த மரங்களை ஆணியின்றிக் கயிற்றால் பிணைப்பர்; ஏறிய நீர் இடைவெளிகளின் வழியே வடிந்துவிடும்; கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து உலர்த்துவர். இது கலையா, அறிவியலா என்னும் வினா அதைக் கட்டியவர்க்கு எழுந்ததில்லை.

பதினைந்தாம் நூற்றாண்டின் அரபு மாலுமி இப்னு மாஜிதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். (வாஸ்கோடகாமாவுக்கு வழிகாட்டியவர் இவரே என்பர், அதனை ஆய்வாளர் பலர் மறுத்துள்ளனர்.) ஹிஜ்ரி 866இல், அதாவது கி.பி. 1462இல், 'ஹாவியா' எனச் சுருக்கமாக வழங்கும் நூலை அவர் இயற்றினார். விண்மீன்களின் உயரம், பருவக்காற்று, கடல்வழி ஆகியவற்றை விளக்கும் அந்நூல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளாலான செய்யுள். நள்ளிரவில் ஆடும் கலத்தில் நின்று ஏட்டைப் புரட்ட இயலாது. மனத்தில் தங்கியதே உதவும். கவிதை அங்கு அணிகலன் அன்று. அளவுகளைச் சிதையாமல் காத்த கருவியாகும்.

நம் பள்ளிகளில் நிலை வேறு. பத்தாம் வகுப்பைக் கடந்ததும் மாணவர் அறிவியல் பிரிவென்றும் கலைப் பிரிவென்றும் பிரிக்கப்படுகின்றனர். கலைக் கல்வியைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக்குமாறு 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு பரிந்துரைத்தது. தமிழக அரசு 2022இல் அறிவியலுக்கு வானவில் மன்றத்தையும் கலைகளுக்குக் கலைத்திருவிழாவையும் தொடங்கியது. இரண்டும் வரவேற்கத்தக்கனவே, எனினும் தனித்தனி வாயில்களாகவே அமைந்துள்ளன. இதயத்தின் படத்திற்கு வண்ணம் தீட்டச் செய்வதை இணைப்பென்று நாம் கொள்வதற்கில்லை. அங்கே கலை ஏவல் செய்கிறதேயன்றி எதையும் கண்டறிவதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்களைக் கற்பிக்கும் ஆசிரியர், குப்பத்து முதியவர் ஒருவரை அழைத்துச் சிறு கட்டுமரம் ஒன்றைக் கட்டச் செய்யலாம். முடிச்சு எங்கு, எத்திசையில் இறுக்கப்படுகிறது என்பதை மாணவர் வரையட்டும். வரையும் கண்ணுக்கே அது புலப்படும். பின்னர்க் கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி, மரம் அமிழும் ஆழத்தை அளந்து, ஆர்க்கிமிடீசின் விதியோடு ஒப்பிடலாம். வாடை, கொண்டல் என அம்முதியவர் காற்றுக்கு வழங்கும் பெயர்களையும், எக்காற்றில் வலை இறக்குவர் என்பதையும் அவர் மொழியிலேயே எழுதி வைக்கலாம்.

இதற்குப் புதிய கட்டடமோ பெரும் பொருட்செலவோ வேண்டுவதில்லை. வேண்டுவது இரண்டு, மூன்று பாடவேளைகளும், அவ்வேலைக்கு மதிப்பெண் வழங்கும் தேர்வு முறையுமே. முன்னதை ஆர்வமுள்ள ஆசிரியர் எப்படியேனும் தேடிக்கொள்வார். பின்னது அவர் கையில் இல்லை. அது மாறும் வரை காத்திருக்கவும் இயலாது. கட்டுமரம் கட்டத் தெரிந்தோர் முதியவராகி வருகின்றனர்.