வேலூர்க் கோட்டையின் தலைப்பாகை: பணி உடையும் மார்க்க வரம்பும்

ஷஅபான் மாதத்தில் அரபுக் கல்லூரிகளில் பட்டமளிப்பு விழா முடிந்து, வெண்ணிற ஜிப்பாவும் தலைப்பாகையுமாக ஸனது பெற்று வெளியேறும் இளம் ஆலிம்களில் சிலர், சில வாரங்களில் வேறொரு வாசலில் போய் நிற்கிறார்கள். ஒருவருக்கு ஏற்றுமதி நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. இன்னொருவருக்குப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பணி. அப்போது அவர்கள் தம் ஆசிரியரிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒரே கேள்விதான்: "ஹஜ்ரத், பேண்ட்டும் ஷூவும் டையும் அணிந்து வரச் சொல்கிறார்கள். கூடுமா?" காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்லும் பெண்மக்களின் பெற்றோரும் இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்கின்றனர்.

இக்கேள்விக்கு 'கூடும்' என்றோ 'கூடாது' என்றோ ஒரே சொல்லில் விடையளிப்பது எளிது. ஆயின் அவ்விடை பல வேளைகளில் பிழையாகிவிடும். ஏனெனில், உடை விதி என்னும் ஒரே பெயரின் கீழ் முற்றிலும் வேறான பல செய்திகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமையால் விளைந்த பேரழிவு ஒன்றை நம் ஆற்காட்டு மண்ணே கண்டிருக்கிறது.

1806: ஓர் உடை விதியின் வரலாறு

1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக் காலத்தில், சிப்பாய்களுக்குப் புதுவகைத் தலைப்பாகை ஒன்று விதிக்கப்பட்டது. அது தொப்பியின் சாயலில் அமைந்து, தோலாலான குஞ்சம் ஒன்றையும் கொண்டிருந்தது. அடுத்த ஆண்டில் வேறு விதிகளும் சேர்ந்தன. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி இடலாகாது, காதணி கூடாது, முகவாய் மழிக்கப்பட்டிருக்க வேண்டும், மீசையும் ஒரே அளவில் அமைய வேண்டும்.

1806 மே மாதத்தில் வேலூரில் இருந்த சிப்பாய்கள் புதிய தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். எதிர்த்தோர் சென்னைக் கோட்டைக்கு அனுப்பி விசாரிக்கப்பட்டனர். ஒரு முஸ்லிமும் ஓர் இந்துவும் கசையடி பெற்றுப் படையிலிருந்து நீக்கப்பட்டனர். மன்னிப்புக் கோரிய ஏனையோர் தண்டனையிலிருந்து விடுவிக்கப்பட்டனர். ஜூலை 10 விடியுமுன் கோட்டையில் புரட்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் தலைமையில் விரைந்து வந்த குதிரைப்படை அன்றைய தினமே அதனை அடக்கியது. ஆங்கிலேயர் தரப்பில் நூற்றுக்கும் மேற்பட்டோரும், சிப்பாய்களில் பல நூறு பேரும் மாண்டனர். விசாரணைக் குழு, உடை மாற்றத்தையும் திப்பு சுல்தானின் குடும்பத்தார் அக்கோட்டையில் வைக்கப்பட்டிருந்ததையும் முதன்மைக் காரணங்களாகச் சுட்டியது. அவ்விதிகள் கைவிடப்பட்டன. தளபதி கிராடக்கும் ஆளுநர் பெண்டிங்கும் 1807-இல் திருப்பி அழைக்கப்பட்டனர்.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இச்சிப்பாய்களும் அவர்களுக்கு முன்னிருந்தோரும் கும்பினியின் சிவப்புச் சட்டையைப் பல்லாண்டுகளாக அணிந்தே வந்தனர். அந்நியரின் சீருடை என்பதற்காக அதனை எவரும் கழற்றி எறியவில்லை. அது பணியின் அடையாளம் என்று ஏற்றுக்கொண்டனர். தாடியின் மீதும் நெற்றிக் குறியின் மீதும் கை வைக்கப்பட்டபோதுதான், 'இது எம் பணியைத் தொடுவதன்று. எம்மையே மாற்ற முனைவது' என்று கருதினர். தோற்குஞ்சம் பசுவின் தோலோ பன்றியின் தோலோ என்ற ஐயமும் சேர்ந்துகொண்டது. பசுவின் தோலாயின் முஸ்லிமுக்குத் தடையில்லை. எனினும் இந்துத் தோழருக்கு அது பொறுக்கவொண்ணாதது. அவ்விரு சமூகத்தாரும் ஒருவர் மற்றவரின் உணர்வைத் தம்முடையதாகக் கொண்டு ஒன்றாக நின்றனர்.

ஆக, வேலூர் நமக்கு வகுத்துத் தரும் பாகுபாடு இது: சீருடை வேறு, ஒருவரின் சமயக் கடமையை அழிக்கும் விதி வேறு.

ஷரீஅத் வகுத்த வேலி

இப்பாகுபாடு நம் மார்க்க நூல்களுக்குப் புதிதன்று. திருமறையின் அஃராஃப் அத்தியாயம் 26-ஆம் வசனம் உடையை மானம் மறைக்கும் அருளாகவும் அலங்காரமாகவும் கூறி, இறையச்சம் என்னும் உடையே மேலானது என்கிறது. அதே அத்தியாயத்தின் 31-ஆம் வசனம் தொழுமிடந்தோறும் அழகுற உடுத்துமாறு பணிக்கிறது. நஹ்ல் அத்தியாயத்தின் 81-ஆம் வசனமோ வெப்பத்திலிருந்தும் போரிலிருந்தும் காக்கும் ஆடைகளை நினைவூட்டுகிறது. மானம், அழகு, பாதுகாப்பு ஆகிய மூன்று நோக்கங்களும் இவற்றுள் அடங்கிவிடுகின்றன.

ஆனால் இன்ன வெட்டு, இன்ன தையல் என்று மார்க்கம் அனைவர்க்கும் ஒரே உடையை விதிக்கவில்லை. மறைக்க வேண்டிய பகுதியை மறைத்தல், உடல் வடிவம் தெரியும்படி இறுக்கமாகவோ மெல்லியதாகவோ இல்லாதிருத்தல், ஆண்கள் பட்டும் பொன்னும் தவிர்த்தல், பெருமையும் வீண் விரயமும் இன்மை, பிற சமயத்தின் தனிச் சின்னத்தை ஏற்காமை என வேலியை மட்டும் நிறுவியது. வேலிக்கு உட்பட்ட நிலம் விசாலமானது. அங்கே நாட்டு வழக்கம் ஆட்சி செய்கிறது.

நபி (ஸல்) அவர்கள் குறுகிய கைகளையுடைய ஷாம் நாட்டு ஜுப்பா அணிந்திருந்ததையும், உளூச் செய்கையில் கை மடக்க இயலாமல் உள்ளிருந்து கையை வெளியே எடுத்ததையும் முகீரா (ரலி) அவர்களின் அறிவிப்பு கூறுகிறது. அபிசீனிய மன்னர் நஜாஷி அன்பளிப்பாக அனுப்பிய கருந்தோற் காலுறைகளை அவர்கள் அணிந்தார்கள் என்பதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அயல்நாட்டுத் தையல் என்பதே ஓர் உடையை விலக்கிவிடாது என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

விசேட நிகழ்ச்சிகளுக்கெனத் தனி உடை வைத்துக்கொள்வதற்கும் ஆதாரம் உண்டு. பள்ளிவாசலருகே விற்பனைக்கு இருந்த பட்டாடை ஒன்றைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், ஜும்ஆவுக்கும் தூதுக்குழுக்களை வரவேற்பதற்கும் அதனை வாங்கிக்கொள்ளலாமே என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்தது பட்டை மட்டுமே. விருந்தினரைச் சந்திக்கச் சிறந்த ஆடை அணிதல் என்னும் கருத்தை மறுக்கவில்லை என்று நம் இமாம்கள் இதிலிருந்து விளங்கிக்கொண்டனர். நல்ல உடையை விரும்புவது பெருமையாகுமா என்ற வினாவுக்கும், சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்ற விளக்கமே நபிமொழியாகக் கிடைத்தது. கசங்கிய ஆடையுடன் நேர்முகத் தேர்வுக்குச் செல்வது தக்வா ஆகாது.

தோலும் தொழுகையும்

நம் பகுதிக்கே உரிய ஒரு வினாவும் உண்டு. டேனரியில் பணிபுரிவோர் அந்த உடையுடன் தொழலாமா? இறந்த ஆட்டின் தோலை ஏன் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட செய்தி, பதனிடுதல் தோலைத் தூய்மையாக்கும் என்னும் சட்டத்திற்கு அடிப்படையாகும். ஹனஃபி மத்ஹபில் பன்றித் தோல் இதற்கு விலக்கு. ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் தோலும் விலக்கு. எனவே பதனிட்ட ஆட்டுத் தோலின் வாடை உடையில் இருப்பதால் மட்டும் அது அசுத்தமாகிவிடாது. பச்சைத் தோலைக் கையாள்கையில் படியும் இரத்தமே கவனத்துக்குரியது. தொழுகைக்கென மாற்றுடை ஒன்றை வைத்துக்கொள்வது பேணுதலும் எளிமையும் ஆகும்.

இயந்திரத்தினருகே தளர்ந்த துப்பட்டா நுனியும் அகன்ற கையும் உருளைகளில் சிக்கக்கூடும். ஆகவே மேலங்கி அணிக, முக்காட்டை இறுகச் செருகுக என்று நிர்வாகம் கூறினால் அது உயிர்காக்கும் விதி. ஷரீஅத்தும் அதையே வேண்டுகிறது. தலைமறைப்பைக் காத்துக்கொண்டே நுனிகளை மேலங்கிக்குள் அடக்கிவிடலாம். 'முக்காடே கூடாது' என்று கூறினால் அது வேறு விதி. 1806-இன் வினா மீண்டும் எழுவது அங்கேதான்.

இன்றைய சட்டத்தின் முன்

அவ்வினாவைத் தீர்க்க இன்று கோட்டைச் சுவர் தேவையில்லை; நீதிமன்றம் இருக்கிறது. 2014 ஜூலையில் வேட்டி அணிந்து வந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் சென்னையில் ஒரு கிளப்பின் வாசலில் தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே அத்தகைய தடையை விலக்கும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 2019 மே மாதத்தில் தலைமைச் செயலகப் பணியாளர்க்கு வந்த உடை விதியில் பேண்ட் சட்டையுடன் வேட்டியும் இடம்பெற்றது. மறுபுறம், விமானப் படையில் தாடி வைத்திருந்ததால் நீக்கப்பட்ட முஸ்லிம் வீரரின் மேல்முறையீட்டை 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கர்நாடகக் கல்லூரி ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபர் 13 அன்று இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். சட்டம் எப்போதும் நமக்குச் சாதகமாகவே இருக்கும் என எண்ணுவதும், வாசலே அடைபட்டுவிட்டதென மனமுடைவதும் ஒருசேரத் தவறு என்பதை இவை காட்டுகின்றன.

ஆதலின் பணிக்குச் செல்லும் இளைஞர் மூன்று வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும். இவ்விதி ஹராமானதைச் செய்யவோ ஃபர்ளை விடவோ சொல்கிறதா? இல்லையெனில், என் பழக்கத்துக்கு மாறானது என்பதைத் தவிர வேறு தடை உண்டா? ஆம் எனில், அதனை நிர்வாகத்திடம் பணிவாக, எழுத்தில் எடுத்துரைத்தேனா? பேண்ட்டும் ஷூவும் இரண்டாம் வினாவோடு முடிந்துவிடும். பேண்ட் தளர்வாக இருக்கட்டும். டை குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது எச்சமயத்தாரும் அணியும் பொதுவழக்காகிவிட்டது என்போரின் கூற்றே எனக்கு வலுவுடையதாகத் தோன்றுகிறது. தலைமறைப்பு மூன்றாம் வினாவுக்குரியது. அதில் பின்வாங்க வேண்டியதில்லை, பதற வேண்டியதுமில்லை.

பழக்கத்தைக் கடமையாக்கிக் கொண்டால் கிடைத்த வேலையை வீணே இழப்போம். கடமையைப் பழக்கம் என்று கைவிட்டால் நம்மையே இழப்போம். இவ்விரண்டிற்குமிடையே நடக்கும் தெளிவை வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக!