பதில் பேச ஓர் ஆள்

தருமபுரி மாவட்டக் கல்வி பற்றிப் பேச்செடுத்தாலே ஓர் எண் முன்னால் வந்து நிற்கும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.5 சதவீதம், தமிழகத்திலேயே கடைசி இடம். படிக்காத வீட்டில் பிள்ளைக்கு அறிவு எப்படி வளரும் என்ற அங்கலாய்ப்பும் கூடவே வரும். பெற்றோரின் படிப்பு உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் சின்னஞ்சிறு வயதில் மூளைக்கு முதல் தேவை, குழந்தையின் முகம் பார்த்துப் பதில் பேசும் ஆள். புளி தட்டிக்கொண்டிருக்கும் பாட்டியிடம், "இது ஏன் ஆயா வழுக்குது?" என்று கொட்டையை நீட்டுகிறது குழந்தை. "நீயே தேய்ச்சுப் பாரு. எத்தன இருக்கு, எண்ணு" என்கிறார் அவர். காரணம் தேடுவது, எண்ணுவது, முறை வைத்துப் பேசுவது மூன்றும் அங்கேயே நடந்துவிடுகின்றன. அதற்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கைபேசியும்தான் நாள் முழுக்கப் பேசுகிறதே என்று கேட்கலாம். பாட்ரீசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுவோர் 12 அமர்வுகள் விளையாடினார்கள். அம்மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியத் தொடங்கின. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளை ரேச்சல் ரோமியோ குழுவினர் ஆராய்ந்து 2018இல் சொன்னதும் இதையொட்டியதே: காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கையைவிட, மாறி மாறி நடந்த உரையாடலே மூளையின் மொழிப் பகுதியின் இயக்கத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. குடும்ப வருமானத்தைக் கணக்கில் கொண்ட பிறகும் அத்தொடர்பு நிலைத்தது. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசினால் பிள்ளை குழம்பிவிடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. பெரியவர்கள் தங்களுக்குச் சரளமான மொழியில் பேசுவதே நல்லது.

சோறு இல்லாத இடத்தில் பேச்சு என்ன செய்யும் என்பது கனமான கேள்வி. சத்துக்குறைவு மூளையைப் பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தமிழக அங்கன்வாடிகளில் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் நடத்திய சோதனையில், முன்பருவக் கல்விக்கென அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு ஊட்டச்சத்தைக் கவனிக்க நேரம் கிடைத்ததால் வளர்ச்சிக் குன்றலும் குறைந்தது.

பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பெற்றோர் வேலைக்குப் போக, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நிறைந்த மாவட்டம் இது. அங்கன்வாடியைச் சோறு போடும் இடமாக மட்டும் பார்க்காமல், பிள்ளையோடு உட்கார்ந்து பேசும் இடமாகவும் அரசு மாற்ற வேண்டும். அந்தக் கூடுதல் பணியாளர் நியமனத்தைச் சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களிலிருந்து தொடங்குவதே நியாயம்.