மூளையின் பகுதிகளும் அவற்றின் தொழில்களும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது தமிழ் மக்களிடை வழங்கும் முதுமொழி. அச்சிரசினுள் மண்டையோட்டின் காவலில் அமைந்துள்ள மூளை, முதிர்ந்தோரில் ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் வரை நிறையுடையது. உடல் நிறையில் இஃது ஐம்பதிலொரு பங்கேயாகும். எனினும், ஓய்ந்திருக்கும் உடல் கொள்ளும் ஒட்சிசனில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இதற்கே செலவாகின்றது.

மூளையை மூன்று பெரும் பகுதிகளாக வகுத்தறிதல் எளிது. அவை மூளையம் எனப்படும் பெருமூளை, மூளி எனப்படும் சிறுமூளை, இவ்விரண்டையும் முண்ணாணுடன் இணைக்கும் மூளைத்தண்டு என்பன.

மூளைத்தண்டு உயிர்க்காவல் புரிவது. அதன் அடிப்பகுதியாகிய முகுளம் மூச்சினையும் இதயத் துடிப்பினையும் குருதியமுக்கத்தினையும் ஒழுங்குபடுத்துகின்றது. உறங்குவோனும் இடையறாது மூச்சுவிடுதல் இதன் தொழிலாலேயாம். இதன் மேற்பகுதி கேடுற்றால் மனிதன் விழிப்புணர்வை இழத்தலும் கூடும்.

பெருமூளையின் பின்புறத்தே கீழாக அமைந்தது சிறுமூளை. மூளையின் நிறையில் இது பத்திலொரு பங்களவினதே. ஆயினும் மூளையிலுள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்களுள் ஐந்தில் நான்கு பங்கு இதனுள்ளேயே உள்ளன. தசைகளின் இயக்கங்களை ஒன்றோடொன்று இசைவித்து, உடலின் சமநிலையைப் பேணுதல் இதன் தலையாய தொழில். இது கேடுற்றவன் முடவனாவதில்லை. ஆனால் அவன் நடை தள்ளாடும். கிண்ணத்தை எடுக்க நீட்டிய கை இலக்குத் தவறும்.

பெருமூளை இரு அரைக்கோளங்களாகப் பிரிந்து, வன்சடலம் என்னும் நரம்புநார்க் கற்றையால் இணைக்கப்பட்டுள்ளது. இடது அரைக்கோளம் உடலின் வலப்புறத்தையும், வலது அரைக்கோளம் இடப்புறத்தையும் இயக்கும். ஒவ்வோர் அரைக்கோளமும் நான்கு சோணைகளையுடையது. நெற்றிப்புறத்து நுதற்சோணை திட்டமிடுதலுக்கும் விருப்பின்வழி இயங்குதலுக்கும், உச்சிப்புறத்துச் சுவர்ச்சோணை தொடுகை முதலிய உணர்ச்சிகளுக்கும், காதையடுத்த கடைநுதற்சோணை கேள்விக்கும் நினைவுக்கும், பிடர்ச்சோணை பார்வைக்கும் சிறப்பாக உரியன.

இத்தொழில்களுட் பல, நோயுற்றோர் வாயிலாகவே முதன்முதல் அறியப்பட்டன. பாரிசு நகரையடுத்த பிசேத்திர் மருத்துவமனையில் பல்லாண்டு வாழ்ந்த ஒருவர், பிறர் கூறுவதைப் பெரிதும் விளங்கிக்கொண்டாரெனினும், ஏறக்குறைய ஒரேயோர் அசையையன்றி வேறெதனையும் மொழிய இயலாதவராயிருந்தார். 1861 ஆம் ஆண்டில் அவர் இறந்தபின் அவரது மூளையை ஆராய்ந்த போல் புறோக்கா என்னும் மருத்துவர், இடது நுதற்சோணையின் ஒரு பகுதி சிதைந்திருக்கக் கண்டார். 1874 இல் ஜேர்மனியரான கார்ல் வேர்ணிக்கே, இதற்கு மாறானதொரு நிலையை விளக்கினார். இடது கடைநுதற்சோணையின் பிற்பகுதி கேடுற்றோர் தங்குதடையின்றிப் பேசினர். ஆனால் அப்பேச்சிற் பொருள் அமையவில்லை. பிறர் பேச்சும் அவர்க்கு விளங்கவில்லை. சொல்லை வெளியிடுதல் வேறு, அதனை உணர்தல் வேறு என்பது இவற்றால் தெளிவாயிற்று.

நினைவும் ஒருதன்மைத்தன்று. 1953 இல் அமெரிக்கரான ஹென்றி மொலேசனுக்கு, வலிப்பு நோயைத் தணிக்கும் பொருட்டு இரு கடைநுதற்சோணைகளின் உட்பகுதிகளும் அகற்றப்பட்டன. அதன்பின் அவர் புதிய நிகழ்ச்சி எதனையும் நிலையாக நினைவிற் கொள்ள இயலாதவரானார். ஆயினும், கண்ணாடியிற் பார்த்து உருவம் வரையும் பயிற்சியில் அவர் கை நாள்தோறும் தேர்ச்சி பெற்றது. பயின்றதை அவர் மறந்தார், கை மறக்கவில்லை.

பகுதிகள் வேறாயினும் அவை தனித்தனி அரசுகள் அல்ல. ஒரு சொல்லை மொழிவதற்கே நுதற்சோணை ஏவவும், சிறுமூளை நாவினை இசைவிக்கவும், மூளைத்தண்டு மூச்சளிக்கவும் வேண்டும். இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. பாரிசவாதத்தால் வலப்புறம் செயலிழந்து நாவெழாது கிடக்கும் முதியவரை, அறிவிழந்தாராகக் கருதி, அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றி உறவினர் உரையாடுதல் உண்டு. அவர் இழந்தது சொல்லை மட்டுமேயாயிருக்கலாம். கேட்டவை யாவும் அவருக்கு விளங்கியிருக்கலாம். பேச்சிழந்தோர் யாவரும் உணர்விழந்தோரல்லர் என்பதை அறிந்து அவரிடத்து ஒழுகுதல், மூளையின் இயல்பைக் கற்றதன் பயன்களுள் ஒன்றாகும்.