வழக்கு மன்றத்துக்கு வெளியே வக்கீல்

கறுப்பு அங்கியும் கழுத்துப் பட்டையும் தரித்து, நீதிபதியின் முன்னிலையில் கையை உயர்த்திக் கர்ஜிக்கும் ஒருவரையே வக்கீல் என்றதும் நம்மில் பெரும்பாலோர் மனக்கண்முன் நிறுத்திக்கொள்கிறோம். இதற்கு நாடக மேடையும் சினிமாவும் செய்திருக்கும் சேவை கொஞ்சநஞ்சமன்று. ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற ஊர்களில், கோர்ட்டுக்குச் சமீபத்தில் ஏதாவது ஒரு தெருவில், மாடிப்படியின் ஓரமாக மாட்டிய சிறு பெயர்ப்பலகையைத் தவிர வேறு ஆடம்பரமின்றி நடைபெறும் ஒரு வக்கீல் ஆபீஸில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து வருவோர் போவோரைக் கவனிப்பவருக்கு, அங்கே நடக்கும் காரியங்களில் பெரும்பகுதி நீதிமன்ற வாசலை மிதிக்காமலே முடிந்துவிடுவதும், அவ்வாறு முடிவதே அந்த ஆபீஸின் சாமர்த்தியத்துக்கு அத்தாட்சி என்பதும் விளங்காமற் போகாது.

பெயர்ப்பலகை சிறியதாக இருப்பதற்கு அடக்கம் மாத்திரம் காரணமன்று. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்திருக்கும் விதிகள், வக்கீல் தம் தொழிலை விளம்பரப்படுத்துவதையும் ஆள்பிடித்து வழக்குச் சேர்ப்பதையும் தடை செய்கின்றன. பலகைகூட அளவோடு இருக்கவேண்டும் என்பது விதி. இணையதளங்கள் வக்கீல்களைக் கடைச்சரக்குப்போல் தரம் பிரித்து விலை கூறுவது தொழிலின் கௌரவத்துக்கு இழுக்கு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கண்டித்து, பார் கவுன்சில் நடவடிக்கை எடுக்குமாறு பணித்தது. எனவே நல்ல வக்கீல் யார் என்பதை விசாரித்துத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு இன்றும் கட்சிக்காரரிடமே இருக்கிறது. சுவரொட்டியையும் கைப்பேசித் திரையையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைக் காட்டிலும் ஊரில் நாலு பேரைக் கேட்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

முற்காலத்தில் ஒரே வக்கீல் சிவில், கிரிமினல், ரெவினியூ என்று எல்லா விவகாரங்களையும் தாமே பார்த்தார். சட்டங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் அது சாத்தியமில்லாமற் போகவே, சீனியர் ஒருவரின் தலைமையில் நாலைந்து பேர் சேர்ந்து, ஒருவர் சொத்து வழக்குகளையும், ஒருவர் குற்ற வழக்குகளையும், ஒருவர் குடும்ப நீதிமன்றத்தையும், இன்னொருவர் வியாபாரிகளின் கூட்டுப் பத்திரம், வரி, தொழிலாளர் விவகாரம் ஆகியவற்றையும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு சிறிய ஊர்களிலும் தோன்றியிருக்கிறது. இவர்கள் அனைவருக்கும் அச்சாணியாக இருப்பவர் குமாஸ்தா. எந்த வழக்குக்கு என்று வாய்தா, எந்த மனுவுக்கு எவ்வளவு ஸ்டாம்பு, எந்தக் கட்டுக்கு நகல் வந்தது என்பதெல்லாம் அவர் நாவின் நுனியில் இருக்கும்; அனுபவமுள்ள குமாஸ்தா இல்லாத ஆபீஸில் எவ்வளவு மேதாவியான வக்கீல் இருந்தாலும் காரியம் ஓடாது.

இவ்வூர்களில் அதிகமாக வருவது நிலம், வீடு சம்பந்தமான விஷயமே. மனை வாங்க எண்ணுகிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் பத்திர நகல்களைக் கொண்டுவந்து, சட்டக் கருத்து எழுதித் தரும்படி கேட்கிறார், அல்லது கேட்கவேண்டும். ஏனெனில் அநேகர் முன்பணம் கொடுத்து, ஒப்பந்தம் எழுதி, மஞ்சள் குங்குமத்துடன் நாள் குறித்த பிறகே வக்கீலை நினைக்கிறார்கள். வங்கியில் கடன் கேட்டவர்கள் மட்டும், வங்கி வற்புறுத்துவதால், இதற்குத் தப்பிவிடுகிறார்கள். சட்டக் கருத்து என்பது ஒரு காகிதமன்று, ஓர் ஆராய்ச்சி. விற்பவருக்கு இச்சொத்து எப்படி வந்தது, அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது என்று தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிச் சென்று, சாதாரணமாக 30 ஆண்டுக்காலத்துச் சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்திருக்கிறதா என்று வக்கீல் தேடுகிறார். இடையில் ஒருவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டார்களா, மைனர் ஒருவனின் பங்கைக் கோர்ட் அனுமதியின்றி விற்றிருக்கிறார்களா, பட்டாவிலுள்ள சர்வே எண்ணும் பத்திரத்திலுள்ள சர்வே எண்ணும் ஒத்திருக்கின்றனவா, நான்கு எல்லைகளும் நேரில் பார்ப்பதோடு பொருந்துகின்றனவா என்று கேள்விகள் நீளும்.

இங்கே வில்லங்கச் சான்றிதழைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் அதில் ஜனங்கள் வைத்திருக்கும் நம்பிக்கை அளவுக்கு மிஞ்சியது. பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை வீட்டிலிருந்தபடியே பார்க்க முடிகிற இந்நாளில், அதில் ஒன்றும் இல்லையென்றால் சொத்தில் குறையே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அச்சான்றிதழ் காட்டுவது பதிவான பத்திரங்களை மட்டுமே. பதிவு செய்யாத உயில், சகோதரர்கள் வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகம், ஏதோ ஒரு முன்சீப் கோர்ட்டில் நிலுவையிலிருக்கும் பாகப்பிரிவினை வழக்கு ஆகியவை அதில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. நிலுவையிலுள்ள வழக்குக்கு உட்பட்ட சொத்தை வாங்கியவரை, அவ்வழக்கைப் பற்றி அவர் அறியாதிருந்தபோதிலும், அதன் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலுள்ள ஏற்பாடு. அதனால்தான் வில்லங்கம் சுத்தமாக இருந்த பிறகும் அனுபவமுள்ள வக்கீல் பக்கத்து நிலத்துக்காரரை விசாரிக்கச் சொல்கிறார்.

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஸ்தாவர சொத்தின் கிரயம் பதிவாக வேண்டும் என்பதும், பத்திரம் எழுதிக் கையொப்பமான நான்கு மாதங்களுக்குள் அதைப் பதிவுக்குத் தாக்கல் செய்யவேண்டும் என்பதும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் முதலிய சட்டங்களின் விதிகள். பதிவுச் செலவை மிச்சப்படுத்த எண்ணி, பவர் எழுதி வாங்கிக்கொண்டு அதையே கிரயமாகப் பாவித்துக் குடியேறியவர்கள் நம் நாட்டில் ஏராளம். பொது அதிகாரப் பத்திரத்தினால் சொத்துரிமை மாறுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் திட்டவட்டமாகக் கூறிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்ததும் சாதாரணமாக அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. அவருடைய மக்கள் வந்து கதவைத் தட்டும்போது, மிச்சப்படுத்திய பணத்தைப்போல் பல மடங்கு செலவழிக்க நேரிடுகிறது.

சொத்துக்கு அடுத்தபடி குடும்பம்; இரண்டையும் பிரிப்பதே கஷ்டம். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குப் பங்குண்டா என்ற கேள்வி இன்னும் வாரந்தோறும் கேட்கப்படுகிறது. தமிழ்நாடு இவ்விஷயத்தில் நாட்டின் பெரும்பகுதிக்கு முன்னோடி. இந்து கூட்டுக்குடும்பத்துப் பெண்களுக்கு ஆண்களைப்போலவே பங்குரிமை அளிக்கும் திருத்தம் இங்கே 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது; எனினும் அந்தத் தேதிக்கு முன் மணமானவர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தப் பேதத்தை நீக்கிற்று. தந்தை அத்தேதியில் உயிருடன் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் தீர்ப்பாணையாலோ முடிந்துபோன பாகங்களை மட்டும் இத்திருத்தம் தொடுவதில்லை. இத்தேதிகளைக் குமாஸ்தாவே ஒப்பிப்பார். ஆனால் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு அவற்றுள் எது பொருந்தும் என்பதைப் பத்திரங்களைப் பார்த்த பிறகே எந்த வக்கீலும் சொல்வார். பார்க்காமல் சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருப்பது நலம்.

உயில் எழுதுவதை அபசகுனமாகக் கருதி ஒத்திப்போடும் வழக்கம் நம்மிடையே அதிகம். அதற்கு ஸ்டாம்புப் பத்திரம் வேண்டியதில்லை, வெள்ளைத் தாள் போதும், பதிவும் கட்டாயமன்று. சாட்சிகள் இருவர் வேண்டும், அவர்கள் உயில் எழுதியவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பிற்காலத்தில் உயில் கோர்ட்டுக்கு வந்தால், உயிருடனிருக்கும் சாட்சி ஒருவரையேனும் விசாரிக்கவேண்டியிருப்பதால், எழுதுபவரின் வயதொத்த முதியவர்களைச் சாட்சியாகப் போடுவதை நல்ல வக்கீல்கள் விரும்புவதில்லை. பதிவான உயிலைப் பதிவாகாத உயில் மாற்றாது என்று பலர் நினைப்பது தவறு. முறையாக எழுதப்பட்டிருந்தால் கடைசியாக எழுதியதே நிற்கும். உயிலுக்குப் பதிலாக உயிருள்ளபோதே மக்களுக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னர் அவர்களால் கைவிடப்படும் பெற்றோரும் இந்த ஆபீஸ்களின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைத்திருந்தால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி அதை ரத்துச் செய்யக் கோருவது எளிதாகும். அந்த ஒரு வரியைச் சேர்க்கும்படி சொல்வதற்குத்தான் எழுதும்போதே வக்கீல் வேண்டியிருக்கிறது.

சட்டத்தைச் சாமானிய மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்லவேண்டும் என்ற எண்ணம் இந்தக் காவிரிக் கரைக்குப் புதிதன்று. மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறையில்) முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, தமிழின் முதல் நாவலை எழுதியவராகவே இன்று நினைக்கப்படுகிறார். ஆனால் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவருவதற்கு வெகு முன்னதாகவே, சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டவர் அவர். இன்று மாவட்ட நீதிமன்றங்களில் தமிழிலேயே பிராது கொடுக்கலாம், சாட்சி சொல்லலாம், தீர்ப்பும் பெறலாம் என்றிருக்க, கட்சிக்காரர் புரியாத ஆங்கிலக் காகிதத்தில் கையெழுத்திட்டு விட்டு, வெளியே வந்து குமாஸ்தாவிடம், “என்ன சார் எழுதியிருக்கு?” என்று கேட்கும் காட்சி இன்னும் மறையவில்லை. எழுதியிருப்பதைத் தமிழில் படித்துக்காட்டும்படி கேட்கக் கட்சிக்காரருக்குப் பூரண உரிமை உண்டு.

வக்கீலிடம் தாமதமாக வருவதால் உரிமையே போய்விடும் விவகாரங்களும் உள. ஒருவர் கொடுத்த செக் பணமில்லையென்று திரும்பினால், அதை வங்கி தெரிவித்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்பவேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் அதன்பின் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்கவேண்டும். “அவர் நம்ம ஊர்க்காரர்தான், கொடுத்துவிடுவார்” என்று இரண்டு மாதம் காத்திருந்து வருபவரிடம், செக்கின் மூன்று மாதக் கெடுவுக்குள் அதை இன்னொரு முறை வங்கியில் போட முடியுமா என்பதைத்தான் வக்கீல் முதலில் பார்க்கிறார். புரோநோட்டின்மேல் வழக்குப் போடக் கெடு மூன்று வருஷம். அந்தக் கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் சிறு தொகை கொடுத்து, அதை நோட்டின் முதுகில் தம் கையெழுத்துடன் வரவு வைத்தால் மறுபடி மூன்று வருஷம் கிடைக்கும். வட்டிக்குக் கொடுத்து வாங்கும் பெரியவர்கள் பலருக்கு இந்தச் சூட்சுமம் வக்கீலைவிட நன்றாகத் தெரியும்.

இவ்வளவும் பயன்படாமல் போனால்தான் கோர்ட். வக்காலத்து நாமாவில் கையெழுத்திட்டதும், பிராது அல்லது எதிருரை தயாராகிறது. சம்மன் பெற்ற பிரதிவாதி 30 நாட்களுக்குள், தக்க காரணம் காட்டினால் 90 நாட்கள் வரையில், எதிருரை தாக்கல் செய்யவேண்டும். அலட்சியமாக இருந்தால் எக்ஸ்பார்ட்டி ஆகி, அவரில்லாமலே வழக்கு முடிந்துவிடும். பிறகு சாட்சி விசாரணை, வாதம், தீர்ப்பு. வருஷங்கள் ஓடுகின்றன என்ற குறை உண்மையே. தீர்ப்பு வந்துவிட்டால் துன்பம் தீர்ந்தது என்று எண்ணுவதும் பேதைமையே. இந்தியாவில் வழக்காளியின் கஷ்டங்கள் டிக்ரி கிடைத்த பிறகே ஆரம்பமாகின்றன என்ற கருத்தை லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே வெளியிட்டிருக்கிறது. சொத்தைக் கைப்பற்றவும் பணத்தை வசூலிக்கவும் தனியே நிறைவேற்றுகை மனுப் போட்டு மறுபடி அலையவேண்டும்; அதற்குச் சட்டம் 12 ஆண்டு அவகாசம் தந்திருப்பதே அந்த அலைச்சல் எவ்வளவு என்பதைக் காட்டுகிறது.

குற்ற வழக்குகளில் நிலைமை வேறு. அங்கே அவகாசம் மணிக்கணக்கில்தான். கைது செய்யப்பட்டவரை, பிரயாண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்பதும், அவர் தமக்கு வேண்டிய வக்கீலைக் கலந்துகொள்ளலாம் என்பதும் அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு தந்திருக்கும் பாதுகாப்பு.

கட்டணத்தைப் பற்றிக் கேட்கக் கூசுகிறவர்கள் பலர். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வழக்கின் பலனில் பாகம் பேசுவதை வக்கீல் தொழில் விதிகள் தடுக்கின்றன. அப்படிப் பேசுபவர் வேறு விதிகளையும் மதிப்பாரா என்பது சந்தேகம். கட்டணம் எவ்வளவு, அதில் கோர்ட் கட்டணமும் நகல் செலவும் அடக்கமா, மேல்முறையீடு தனியா என்பதை முதல் நாளே தெளிவாகப் பேசி எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. மூலப்பத்திரங்களை ஒப்படைக்க நேர்ந்தால் பட்டியலிட்டு ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். இதனால் எந்த யோக்கியமான வக்கீலும் மனம் வருந்தமாட்டார்.

பணமே இல்லாதவருக்கும் வழி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர், காவலில் இருப்பவர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவச வக்கீலைப் பெறலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இதற்கான அலுவலகம் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். அந்த ஆணையமே நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் நிலுவை வழக்கொன்று சமரசமாக முடிந்தால், கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே ஏற்பட்ட முடிவின்மேல் அப்பீல் கிடையாது. ஆகையால் ஆபீஸ்களில் சீனியர்கள், சமரசப் பத்திரத்தில் கையொப்பமிடுவதற்கு முன் கட்சிக்காரரைத் தனியே வராந்தாவுக்கு அழைத்துப் போய், தொகையையும் தவணைத் தேதியையும் அவர் வாயாலேயே ஒரு முறை சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே பேனாவை நீட்டுகிறார்கள்.